ஜெபமாலையின் பின்பாதி

என் வீட்டுக்காரர் ஜெபமாலை சொன்னால் மாதாவுக்கே மூச்சு வாங்கும். திண்டிவனம் – விழுப்புரம் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் பஸ் முழுக்க டிக்கெட் போட்டாக வேண்டும் என்கிற அவசரம் கையோடு நிற்காமல் நாக்கிலும் ஏறிவிட்டிருந்தது. எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அதற்கு அன்பியம் என்று பெயர். அங்கே அவர் ஜெபமாலையைத் தொடங்கினால் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்வதற்குள் மாலையின் முதல் பத்து மணி ஓடிப்போயிருக்கும்.

ஜெபமாலை தனியாளாகச் சொல்கிற ஜெபம் இல்லை. தனியாகவும் சொல்லலாம், ஆனால் அதன் கட்டுமானமே இரண்டு பேருக்கானது. ஒருவர் மரியே வாழ்க என்று முன்பாதியைச் சொல்லி இயேசுவின் பெயரில் நிறுத்துவார். மற்றவர்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். ஒவ்வொரு மணிக்கும் இப்படித்தான். நினைவு தெரிவதற்கு முன்பே எங்கள் காதில் விழுந்து ஊறிப்போன பழக்கம் இது. முன்பாதி காதில் விழுந்தால் பின்பாதி தானாக வாய்க்கு வந்துவிடும். பஸ்ஸிலும் வரும், தூக்கத்திலும் வரும்.

தொண்ணூற்று மூன்றில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. கல்யாணப் பூசை விழுப்புரத்துச் சர்ச்சில், சாப்பாடு வளவனூரில் மாமியார் வீட்டில். அன்று சாயங்காலம் வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு வீட்டார் ஜெபமாலைக்கு உட்கார்ந்தார்கள். அவர் முன்பாதி சொன்னார். புதுப்பெண் நான், நல்ல பெயர் வாங்க வேண்டுமே என்று உரக்கப் பின்பாதி சொன்னேன். நான் சொன்னது "தூய மரியே" என்று தொடங்குகிற புதிய ஜெபம். அந்த வீடு முழுக்கச் சொன்னது "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்கிற பழைய ஜெபம். என் குரல் மட்டும் தனியாகப் போய்ச் சீக்கிரமே ஆமென் சொல்லி நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாமே, உங்க ஊர்ல புது மாதாவா?" என்றார்.

"உங்க மாதாவுக்கு இன்னும் பழைய தமிழ்தான் தெரியுமாக்கும்," என்றேன்.

மாமியார் சிரித்துவிட்டார். நல்ல பெயர் போனது. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் நான் யாருக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கடைசிவரை பழைய ஜெபத்தை விடவில்லை, நானும் புதியதை விடவில்லை. திண்டிவனத்தில் வீடு எடுத்து வந்த பிறகும் தினமும் சாயங்காலம் இந்தச் சண்டையோடுதான் எங்கள் ஜெபமாலை நடந்தது. மகள் பிறந்து வளர்ந்து, இரண்டையும் கலந்து தனக்கென்று மூன்றாவதாக ஒன்றைச் சொன்னாள்.

அவருக்குப் பக்கவாதம் வந்தபோது மகள் மயிலம் பக்கத்துக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அன்று பஸ்ஸின் காலை நடை. விக்கிரவாண்டி தாண்டும்போது டிக்கெட் கிழித்த கை அப்படியே நின்றிருக்கிறது. விசில் வாயிலிருந்து விழுந்திருக்கிறது. கண்டக்டர் குடித்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, டிரைவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் வேறெதுவும் யோசிக்கவில்லை. எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல், ஜனங்கள் நிறைந்த பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதற்கு ஒருவர்கூடச் சத்தம் போடவில்லையாம். சந்தைக்கு விற்க மல்லாட்டை மூட்டையோடு வந்த ஒருவர் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு, அவரைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறார். அந்த மனிதர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் ஆண்டவரைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த ஆண்டவர் எனக்கு முன்பே அந்த பஸ்ஸில் ஏறி வந்திருந்தார் என்பது புரியக் காலம் பிடித்தது.

உயிர் தங்கியது. வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "தா" என்று ஒரு சத்தம்தான் வரும். தண்ணீருக்கும் தா, வலிக்கும் தா, மகளைக் கூப்பிடவும் தா. தெருவுக்கே கேட்கிற மாதிரி ஊர்ப்பெயர் கூவிய மனிதர், தான் நினைப்பது ஒன்றும் வாயில் வருவது வேறொன்றுமாக இருப்பதைக் கண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். கண்ணீர் காதுக்குள் இறங்கும். அதைத் துடைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

வீடு ஓட வேண்டும் என்று நான் இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். விடிவதற்கு முன்பே எழுந்து கிரைண்டரைப் போடுவேன். காலையில் ஒரு கூட்டம் வாங்கும், சாயங்காலம் ஒரு கூட்டம் வாங்கும். நடுவில் அவருக்குக் குளியல், சாப்பாடு, மாத்திரை, நடைப்பயிற்சி. படுத்தாலும் அவர் மூச்சு சீராக வருகிறதா என்று காது அங்கேயே இருக்கும். ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருவர், நம்முடைய விசுவாசம் போதவில்லை என்றால் இப்படித்தான் சோதனை வரும் என்றார். "காபி ஆறிடப் போவுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க," என்றேன். அவர் பிறகு வரவில்லை. அன்று கோபம் அடங்காமல் திரு இருதய ஆண்டவர் படத்தின் மேல் எரிகிற சிவப்பு பல்பையும் நிறுத்திவிட்டேன். நீர் என்னைப் பார்க்கவில்லை என்றால் நானும் உம்மைப் பார்க்கப் போவதில்லை என்று படத்திடம் சொன்னேன். மறுநாள் மகள் போட்டுவிட்டாள். நான் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

அவ்வளவு சண்டையிலும் ஜெபமாலையை மட்டும் விடவில்லை. பக்தி என்று சொல்ல மாட்டேன், காலையில் பல் தேய்ப்பது மாதிரி சாயங்காலம் ஆனால் அது ஒரு பழக்கம். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவேன். அவர் இடது கையில் ஒரு மாலையைக் கொடுப்பேன். அவர் மணி உருட்டுவார். முன்பாதியையும் நானே சொல்வேன், பின்பாதியையும் நானே சொல்வேன். வாய் திறந்தால் வெறும் தா வந்து அவமானப்பட்டுவிடுவாரே என்று இரண்டுக்கும் நடுவில் மூச்சுகூட விட மாட்டேன். அவருடைய வேகம் எனக்கு வந்துவிட்டது என்று மகள் கிண்டல் செய்வாள். மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒவ்வொரு ஜெபமாலை முடிவிலும் இவருக்குப் பேச்சைக் கொடும் என்று கேட்பேன். கேட்பது என்ன, அதட்டுவேன்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். மகள் இன்னும் வரவில்லை. நான் ஒரு மணியின் முன்பாதியைச் சொல்லி இயேசுவின் பெயருக்கு வந்தபோது கேட்டிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, மாவு இருக்காக்கா?"

எதிர்வீட்டுப் பெண். கோட்டக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். அவளுடைய புருஷன் குவைத்தில் இருந்தார். பாதி ஜெபத்தில் எழுந்து போகிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அவள் கைக்குழந்தையோடு மழையில் நின்றாள். மாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, ஃபிரிஜ்ஜைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன்.

"நாத்தனாருங்க வந்துக்கினு இருக்காங்கக்கா. ஜல்தியா தோசை ஊத்தணும். ரெண்டு பாக்கெட் குடுங்க," என்றாள். இன்னொன்று எடுத்து வரத் திரும்பினேன். அப்போது அவள் என் தோளைத் தொட்டாள்.

"யாருக்கா உள்ள பேசறது? ஊர்லேர்ந்து யார்னா வந்துக்கிறாங்களா?"

"யாரும் வர்லியே. டிவியா இருக்கும்," என்றேன். டிவியை நான் போடவே இல்லை.

ஆண் குரல். கரகரப்பாக, ஈரமாக, எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வந்தது. ஆனால் என்ன சொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று சொல்கிற ஆள் ஒருவர்தான்.

மாவு பாக்கெட் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அதை மிதித்துக்கொண்டே உள்ளே ஓடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை மணியைப் பிடித்திருந்தது. மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்பதைத் தள்ளாடித் தள்ளாடிச் சொல்லி, ஆமென் என்று முடித்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். படியில் தொங்கிக்கொண்டு உள்ளே நகர மாட்டேன் என்கிற பிரயாணியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அடுத்ததைச் சொல்லாமல் என்ன செய்கிறாய் என்று கேட்டது அது.

கால் எல்லாம் மாவோடு முழங்காலில் விழுந்தேன். அடுத்த மணியின் முன்பாதியைச் சொன்னேன். இயேசுவின் பெயரில் நிறுத்தினேன். வருமா என்று அவர் வாயையே பார்த்தேன். இதுவரை நான் விட்டே கொடுக்காத இடம் அது.

வந்தது. பழைய தமிழில், முழுசாக வந்தது.

ஜெபமாலை முடியும்வரை அவர் பின்பாதி சொன்னார். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், எதிர்வீட்டுப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கேட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு அறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அல்லா பெரியவன்கா," என்றாள். ஆமாம் என்றேன். அவளுடைய நாத்தனார்களுக்கு அன்று ஹோட்டல் தோசைதான்.

அன்று எனக்கு அழுகையைவிடச் சிரிப்புத்தான் அதிகம் வந்தது. இவருக்குப் பேச்சைக் கொடும் என்று தினமும் ஆண்டவரை அதட்டியவள், அவர் பேச வேண்டிய இடத்தைத் தினமும் நானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டவரும் பாவம், எத்தனை நாள் பொறுத்துப் பார்த்தாரோ. கடைசியில் மாவு கேட்டுத்தான் என்னை எழுப்ப வேண்டியிருந்தது.

மறுவாரம் விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்ணிடம் அவரை அழைத்துப் போனேன். ஊரையே ஜெயித்து வந்தவள் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார்.

"சந்தோஷம்மா. ஆனா இது மனப்பாடம். சின்ன வயசுலேர்ந்து சொல்லிச் சொல்லிப் பழகினது சில பேருக்கு அப்படியே நிக்கும். ஜெபம், பாட்டு எல்லாம் வரும். அவரா யோசிச்சுப் பேசறது வேற. அது வரும்னு நான் இப்ப சொல்ல முடியாது," என்றார்.

வெளியே வந்ததும் இவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். "தா" என்றார். மாதாவிடம் அவ்வளவு பேசுகிறவருக்கு என்னிடம் ஒரு தண்ணீர் கேட்க வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கதவைத் திறந்த ஆண்டவர் பாதியில் ஏன் நிற்கிறார் என்று கேட்டேன். பஸ் வந்தது. ஏறினோம். அவருக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். முண்டியம்பாக்கத்தில் பஸ் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, கண்டக்டர் கூவுகிற அதே ராகத்தில், "விழுப்புரம், முண்டியம்பாக்கம்..." என்று சொல்லி நிறுத்தினேன்.

"விக்கிரவாண்டி," என்றார். "கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன், பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் பாதிப் பேச்சுதான். காபியில் சர்க்கரை என்று சொல்லி நிறுத்துவேன். வெளியே மழை என்று நிறுத்துவேன். முதலில் தா வரும். பிறகு "இல்ல" வந்தது. சர்க்கரை இல்ல, உப்பு இல்ல, மழை இல்ல. வெளியே கொட்டுகொட்டென்று கொட்டும்போதும் மழை இல்ல. உப்புப் போட்ட குழம்புக்கும் உப்பு இல்ல என்று சொல்லிவிட்டு மகளைப் பார்த்துக் கண்ணடிப்பார். வேண்டுமென்றேதான் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரிந்துபோனது. யாராவது வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பதில் என் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் செய்த தவங்களில் அதுதான் பெரியது. லெந்து என்கிற தவக்காலத்து ஒருசந்தி விரதமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அந்த மௌனத்தில்தான் நான் ஆண்டவரைக் கண்டேன். அதற்கு முன்னால் அவரைத் தேடிப் போகாத இடம் இல்லை. வேளாங்கண்ணிக்குப் போய் மண்டியிட்டே நகர்ந்திருக்கிறேன். கேட்டு முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஒருவருடைய பதிலுக்குக் காத்திருப்பதை மட்டும் செய்ததில்லை. என் கேள்விக்கும் என் வீட்டுக்காரர் பதிலுக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கும். சில சமயம் அடுப்பில் பால் பொங்கி வழிகிற அளவுக்கு நீளும். அந்த நேரத்தில் வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர இன்னொருவரும் இருக்கிறார் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். பயம் போய்விடும். விளக்கம் கேட்டால் சொல்ல வராது.

அடுத்த அக்டோபர், ஜெபமாலை மாதம். அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. வீடு கொள்ளாத கூட்டம். ஜெபமாலை முடிந்தால் மன்றாட்டு. வட்டமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வாய்க்கு வந்த வார்த்தையில் ஒரு வேண்டுதலைச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து பதில் சொல்வோம். இதற்குப் புத்தகம் கிடையாது, மனப்பாடம் கிடையாது. அவர் படுத்த நாளிலிருந்து அவருடைய முறை வந்தால் நான் அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். அன்று நான் என்னுடையதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அவருடைய முறை வந்தது. அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று அடுத்து உட்கார்ந்திருந்த அம்மா தன்னுடையதைத் தொடங்கினார்.

அவர் இடது கையைத் தூக்கினார். "ஓல்டான்," என்றார்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற சொல். பின் வரிசையில் யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த அம்மா நிறுத்திக்கொண்டார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி செய்யாதே, உதவி செய்யாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஆண்டவரே," என்றார். அதற்குப் பிறகு நீளமாக ஒரு இடைவெளி. நெற்றியில் வேர்த்தது. "இவ... தூங்கறதே... இல்ல. இவளுக்கு... ஒரு நாளு... லீவு குடு."

அவருக்காக அத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கிரைண்டர் சத்தத்தையும் என் கண்ணையும் பார்த்துப் பார்த்து, எனக்காக இதைச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். சொந்தமாகப் பேச வந்ததும் முதன்முதலில் கேட்டது இதைத்தான். பிறகு மொத்த வீடும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. வாசலில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள்கூடச் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

மறுநாள் கண் விழித்தபோது சுவரில் வெயில் ஏறியிருந்தது. அலாரத்தை யார் நிறுத்தியது என்று தெரியவில்லை. அரிசி ஊறியபடியே கிடந்தது, கிரைண்டர் போடவில்லை. பதறிக்கொண்டு எழப் போனேன். வாசலில் எதிர்வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது.

"அண்ணே, அக்கா இல்லீங்களா? மாவு வாங்க வந்தேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தேன்.

"லீவு," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "தூங்கறா," என்றார்.

நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் தூங்கினேன்.